க்ளோஸ் ஈஇன்டர் தந்தால் மறுபடி அழைக்கலாமா? ஆவணத்தில் என்ன எழுதுவது?

கேள்வி:
ஃபைல் கையாளும் ஒரு சி லைப்ரரிக்கு ஆவணம் எழுதுகிறோம். ரீட், ரைட் போலவே ஃபைலை மூடும் க்ளோஸும் ஈஇன்டர் (EINTR, சிக்னல் குறுக்கிட்டது என்ற பிழை) தந்தால் லூப் போட்டு மறுபடி அழைக்கச் சொல்கிறது பழைய வரைவு. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான தரநிலையான போசிக்ஸ் 2008-இல் பார்த்தால், அந்த நேரத்தில் எஃப்டியின் (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்) நிலை வரையறுக்கப்படவில்லை என்றிருக்கிறது. லினக்ஸ், எச்பி-யூஎக்ஸ் இரண்டிலும் ஓட வேண்டும். எதை நம்பி எழுதுவது?

பதில் 1:
முதலில் லினக்ஸில் அந்த லூப்பைத் தூக்குங்கள். கெர்னல் எஃப்டி எண்ணைத் தொடக்கத்திலேயே விடுவித்துவிடும். ஃப்ளஷ் (தேங்கிய டேட்டாவை எழுதி முடிப்பது), அதில் சிக்னல் குறுக்கிடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு த்ரெட் க்ளோஸ்(7) அழைத்து ஈஇன்டர் வாங்குகிறது. அதற்குள் இன்னொரு த்ரெட் ஓப்பன் செய்ய, காலியாக இருப்பதில் சிறிய எண் என்று அதற்கும் 7 கிடைக்கிறது. முதல் த்ரெட் மறுபடி க்ளோஸ்(7) என்றால் மூடுவது அடுத்தவன் ஃபைலை. அவன் ரைட் செய்யும்போது ஈபேட்எஃப் (எஃப்டி செல்லாது என்ற பிழை) வந்தால் அதிர்ஷ்டம். இடையில் ஒரு சாக்கெட் 7-ஐ எடுத்திருந்தால் டேட்டா சத்தமில்லாமல் அங்கே போய்விடும்.

எச்பி-யூஎக்ஸில் நேர்மாறு: எஃப்டி திறந்தே இருக்கும், மறுபடி அழைக்காவிட்டால் லீக். ஃப்ரீபிஎஸ்டி, ஏஐஎக்ஸ் லினக்ஸ் பக்கம். மஸ்ல் என்ற சி லைப்ரரி ஈஇன்டரை விழுங்கிவிட்டு 0 தரும்.

பதில் 2:
போசிக்ஸ் 2024 இதற்கு ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: ஈஇன்டர் என்றால் எஃப்டி திறந்திருக்கிறது, மூடியாயிற்று என்றால் ஈஇன்ப்ராக்ரெஸ் என்ற வேறு பிழை. போசிக்ஸ்_க்ளோஸ் என்று புதிதாக ஒரு ஃபங்ஷனும் உண்டு. ஆனால் லினக்ஸ் கெர்னல் எண்ணை விடுவித்த பிறகும் ஈஇன்டர்தான் தருகிறது. தரநிலையை அப்படியே நகலெடுத்தால் படிப்பவர் அதே குழியில் விழுவார். உங்கள் ஆவணத்தில் "இந்த ஃபங்ஷன் எதைத் திருப்பினாலும் எஃப்டி செல்லாது, மறுபடி தொடாதீர்கள்" என்று எழுதுங்கள். எச்பி-யூஎக்ஸுக்கு மட்டும் உள்ளே இஃப்டெஃப் (கம்பைல் செய்யும்போதே தேர்வாகும் நிபந்தனை) போட்டு லூப் வையுங்கள். அழைப்பவருக்கு அது தெரிய வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் க்ளோஸின் பிழையைப் பார்க்கவே வேண்டாமா?

பதில் 1:
ஈஇன்டர் தவிர மற்றதைப் பாருங்கள். நெட்வொர்க் ஃபைல் சிஸ்டமான என்எஃப்எஸில் ஈநோஸ்பிசி (இடமில்லை), ஈடிக்யூட் (ஒதுக்கீடு தீர்ந்தது) இரண்டும் க்ளோஸில்தான் தலைகாட்டலாம். டேட்டா முக்கியம் என்றால் எஃப்டி கையில் இருக்கும்போதே எஃப்சிங்க் (டேட்டாவை டிஸ்கில் எழுதவைக்கும் அழைப்பு) செய்து விடையைப் பாருங்கள். அது ஈஐஓ (படிப்பு-எழுத்துப் பிழை) தந்தாலும் திரும்ப அழைத்துப் பயனில்லை: லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் எழுத முடியாத மெமரிப் பக்கத்தையும் சுத்தமானதாகக் குறித்துவிடும், அடுத்த எஃப்சிங்க் 0 தரும், டிஸ்கில் பழையதே இருக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இதனால்தான் எஃப்சிங்க் தோற்றால் பேனிக் ஆகி (வேண்டுமென்றே நின்று) டபிள்யூஏஎல் (WAL) என்ற முன்பதிவு லாகிலிருந்து மீள்கிறது.