ஓர்கனைசருக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கு முதல் வேணும்

களுவாஞ்சிக்குடி எழுதியது:
கணினி வகுப்புப் பிள்ளையளுக்கு ஒரு செய்முறைத் தாள் எழுதுறன், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கணும். பழைய நின்டென்டோ டிஎஸ் எண்ட கையடக்க விளையாட்டுப் பெட்டியில மைக்ரோ எஸ்டி ஏத்துற கார்ட் ஒண்டைச் செருகி டிஎஸ்ஓர்கனைஸ் மென்பொருளை ஓடவிட்டா நாட்காட்டி, முகவரிப் புத்தகம், வேலைப் பட்டியல் எல்லாம் வருது, கீழ்த்திரையில கீறியும் வைக்கலாம். மறுகா அதை விளையாட்டுச் சாமான் எண்டு எப்பிடிச் சொல்ற? ஓர்கனைசர் எண்டதுக்குத் தமிழ்ப் பேர் ஒண்டு தாங்க.

சம்மாந்துறை எழுதியது:
ஒழுங்கமைப்பி. கணினி, செயலி மாதிரி. முடிஞ்சுது.

கல்லடி எழுதியது:
முடியல்ல தம்பி. அமைப்பி எண்டா அடுத்தவனைக் கொண்டு அமைக்கச் செய் எண்ட பிறவினை ஏவல். செய்வி, நடப்பி எண்டு நன்னூல்ல படிச்சது மறந்து போச்சா? பெட்டிக்குப் பேர் கேட்டா கட்டளையத் தாறீங்க. நம்மட கோயில்ல கணக்கு, திருவிழா முறை எல்லாம் பார்க்கிறவர் ஆர்? வண்ணக்கர். சங்கப் புலவர் பேர்லயும் வண்ணக்கன் வருது, நாணயம் சோதிக்கிறவன். 'கைவண்ணக்கன்' எண்டு வையுங்க.

அக்கரைப்பற்று எழுதியது:
சேர், எங்கட பள்ளிவாசல்ல அந்த வேலை மரைக்காயருக்கு. அப்ப கைமரைக்காயர் எண்டும் வைக்கலாமே 😀 புள்ளையளுக்கு விளங்கணும் எண்டா ஓர்கனைசர் எண்டே போடுங்க, தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு இடம் விட்டிருக்கார்தானே.

சம்மாந்துறை எழுதியது:
மரைக்காயர் எண்ட சொல் மரக்கலத்துல இருந்து வந்ததா, அரபு மர்கப்ல இருந்து வந்ததா? ரெண்டும் கப்பல்தான். எனக்கு அரபுதான் சரியாப் படுது, ஏனெண்டா…

கல்லடி எழுதியது:
கப்பலைப் பிறகு பார்ப்பம். தங்கச்சி, திசைச்சொல் எண்டது செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொல், இங்கிலீசுக்குக் குடுத்த பாஸ் இல்ல. 1936ல சென்னைச் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கின விபுலானந்த அடிகள் காரைதீவுக்காரர். அவர்ட மண்ணுல இருந்துகொண்டு ஓர்கனைசர் எண்டு எழுதுறதா?

அக்கரைப்பற்று எழுதியது:
அடிகளாரைக் கொண்டுவந்தா நாங்க வாயை மூடணுமா சேர்? சாமான் என்ன செய்யுது எண்டு பாருங்க. 4 எம்பி நினைவகம், டபிள்யூபிஏ2 பூட்டுப் போட்ட வைஃபையில ஏறாது, பூட்டுல பழைய டபிள்யூஇபி மட்டுந்தான். போன் மாதிரி இணையத்துல இருந்து நாட்காட்டிய இழுத்து வராது, நாம எழுதினத வச்சிருக்கும், அவ்வளவுதான். அது குறிப்பேடு.

சம்மாந்துறை எழுதியது:
டிஎஸ் மெனுவுலயே அலாரம் இருக்கு. குறிப்பேடு மணி அடிக்குமா கா?

களுவாஞ்சிக்குடி எழுதியது:
அடிக்காட்டிப் பரவாயில்ல காக்கா. 'கைக்குறிப்பேடு' எண்டு போடுறன், மூடியில ஒட்டுற லேபிளுக்கும் அடங்கும். வேற ஆரும்?

சம்மாந்துறை எழுதியது:
சரி போடுங்க. ஒழுங்கமைப்பிய அடைப்புக்குறிக்குள்ளயாவது விடுங்க.

அக்கரைப்பற்று எழுதியது:
விடாதீங்க. புள்ளையள் ரெண்டையும் பாடமாக்கும்.

கல்லடி எழுதியது:
அச்சடியுங்க. நான் உடன்படல்ல எண்டு மட்டும் பதிவுல இருக்கட்டும். ஏடு எண்டா ஓலை, பக்கம் புரட்டுற சாமான், இதுல எங்க பக்கம்? வண்ணக்கனைப் பற்றி நிகண்டு பார்த்து ஞாயிறு விரிவா எழுதுறன்.

சம்மாந்துறை எழுதியது:
ஞாயிறு நான் வயல் வட்டையில நிப்பன் ஐயா, வெட்டு நடக்குது. திங்கள் எழுதுங்க, மரைக்காயர் கதையும் பாக்கி கிடக்கு.