புதுப்பிப்பு: தொழுவம் எரிந்த பிறகு

தொழுவம் தீப்பிடித்து மூன்று பசுக்களும் ஒரு கன்றும் போனதைப் போன மாதம் எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காரணம் தெரிந்துவிட்டது. மின்கசிவு இல்லை, புல்கட்டு. ஈரம் போகாமல் அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேறி, சில வாரம் கழித்துத் தானாகவே பற்றிக்கொள்ளும். அடுக்கியது நான்தான். அதை இன்னும் விழுங்க முடியவில்லை.

தீ நெருங்கும் முன்பே பெரும்பாலும் புகையில் மயங்கிவிடும் என்றார் கால்நடை மருத்துவர். அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

தப்பிய கிடாரி முதல் வாரம் முழுக்கக் கருகிய வாசலில் நின்று கத்தியது. நேற்றுதான் தொட்டித் தண்ணீரை ஒட்டக் குடித்தது. கன்றின் கழுத்து மணி சாம்பலில் கிடைத்தது; நாக்கு கழன்றுவிட்டது, ஆட்டினால் சத்தமில்லை.

வேறு மாடு வாங்கச் சொல்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம்.