தார் வண்டியில் இழுவைக் கொக்கியும் டிரெய்லர் விளக்கு இணைப்பும்

கேள்வி:
கடலூர் தேவனாம்பட்டினத்தில் வசிக்கிறேன். என் மகிந்திரா தார் வண்டியில் இழுவைக் கொக்கி பொருத்தி, சிறிய ஃபைபர் படகை டிரெய்லரில் உப்பனாற்றங்கரைக்குக் கொண்டுசெல்ல விரும்புகிறேன். பின்விளக்குக் கம்பியின் தோலைச் சீவி, டிரெய்லர் கம்பியை அதிலேயே முறுக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். அது சரியா?

பதில் 1:
ஐயா, தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இக்கால வண்டிகளில் விளக்குகளை மின்னணுப் பெட்டி கட்டுப்படுத்துவதால், டிரெய்லர் பல்புகளின் கூடுதல் சுமை அதையே பழுதாக்கிவிடலாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸுடன் தனி இணைப்பு எடுத்து, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வழியாக 7 முனை சாக்கெட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வழக்கமான 12 வோல்ட் சாக்கெட்டில் முனை எண் 1 இடது இண்டிகேட்டர், 4 வலது இண்டிகேட்டர், 6 பிரேக் விளக்கு, 3 எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி). கொக்கியின் இரும்புத் தொடர்பே எர்த்துக்குப் போதும் என்று விட்டுவிடாமல், அதற்கும் தனிக் கம்பி இழுக்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து மங்கலாக மின்னுவது பெரும்பாலும் எர்த் கோளாறுதான்.

பதில் 2:
கொக்கியை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பம்பர் அந்தச் சுமையைத் தாங்காது. உப்புநீர்தான் எனக்குப் பெரிய கவலை. படகை இறக்கும் முன் டிரெய்லர் விளக்குகளின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் சூடான பல்பு குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். திரும்பியதும் டிரெய்லரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ரிலே வைத்தே செய்யச் சொல்லிவிட்டேன்.