மில்லேயின் ‘இரையூட்டல்’: யதார்த்தமா, இனிப்புப் பூச்சா?

கரித்துண்டு:
பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே 1860 வாக்கில் வரைந்த ‘இரையூட்டல்’ படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் “என்ன ஒரு நிம்மதி” என்கிறார்கள். வீட்டு வாசற்படியில் மூன்று பிள்ளைகள் ஒட்டி உட்கார்ந்திருக்க, எதிரே அம்மா மரக்கரண்டியால் ஊட்டுகிறாள். பிரான்சில் லீல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு அந்த நிம்மதிதான் உறுத்துகிறது.

இதே மில்லே 1857இல் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ படத்தைக் காட்சிக்கு வைத்தபோது பாரிஸ் விமர்சகர்கள் சிலர் பதறிப்போனார்கள். பிரான்சில் மன்னராட்சியைக் கவிழ்த்த 1848 புரட்சி நடந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. அறுத்த வயலில் குனிந்து நிற்கும் மூன்று பெண்களில் அவர்களுக்குக் கலகம் தெரிந்தது. அதே ஏழைப் பெண் வீட்டு வாசலில் பிள்ளைக்கு ஊட்டினால் யாருக்கும் பயம் வராது. கோபத்தை வடிகட்டிவிட்டு வறுமையை மட்டும் கொடுக்கிற படம் இது. பணக்காரன் வீட்டு வரவேற்பறைக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

நித்தியகல்யாணி:
கரித்துண்டு, படத்தின் பின்னணியைப் பார்த்தீர்களா? வீட்டுச் சுவருக்கு அப்பால், தோட்டத்தில் ஒருவர் மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறார். அப்பா. இந்த ஜீவன்களுக்குச் சோறு போடத்தான் அவர் உழைக்கிறார் என்று மில்லேயே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். கரண்டியில் இருப்பது எங்கிருந்து வந்தது என்பது படத்துக்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் அந்தக் கரண்டி. மூன்று வாய்க்கு ஒரே கரண்டி. நடுப்பிள்ளை கழுத்தை நீட்டி வாயைத் திறக்கிறது, மற்ற இரண்டும் முறைக்குக் காத்திருக்கின்றன. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே தட்டிலிருந்து ஊட்டி வளர்த்தவள் நான். அந்த நேரத்தில் அம்மா மனசில் ஓடுவது பங்கு கணக்கு: இவனுக்கு இரண்டு வாய் போயாச்சு, அவளுக்கு இன்னும் ஒன்றுகூடப் போகவில்லை. மில்லேக்கு ஒன்பது பிள்ளைகள். அவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது.

கரித்துண்டு:
அப்பா இருக்கிறார், சரி. எவ்வளவு பெரிதாக இருக்கிறார்? விரல் நுனியால் மறைத்துவிடலாம். உழைப்பைப் பின்னுக்குத் தள்ளி, பாசத்தை முன்னால் வைத்திருக்கிறார். 1860இல்தான் ஓவிய வியாபாரிகளோடு மாதம் 1,000 பிராங்க் என்று ஒப்பந்தம் போட்டார். எது விற்கும் என்று அவருக்குத் தெரியும்.

மழைக்காகம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். விற்பனைக்காகத்தான் வீட்டைப் படமாக்கினார்கள் என்றால் பெர்லினில் இருந்த ஓவியர் மென்ட்ஸெலை என்ன சொல்வீர்கள்? 1845இல் ‘மாடத்து அறை’ என்று ஒரு படம் வரைந்தார். ஆள் யாரும் இல்லை. திறந்த கதவு, காற்றில் உப்பும் வெள்ளைத் திரை, தரையில் வெயில், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் இரண்டு நாற்காலிகள். எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் ஒரு சோபா தெரிகிறது, ஆனால் அறையில் அது இருக்க வேண்டிய பக்கத்தில் சோபாவைக் காணோம்! இதைப் பல பத்தாண்டுகள் அவர் வெளியே காட்டவே இல்லை. 1903இல்தான் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது. இதில் எந்தப் பணக்காரனுக்கு எந்த இனிப்பு?

கரித்துண்டு:
அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் அது மென்ட்ஸெலின் சொந்த அறை. நான் பேசுவது இன்னொருவரின் ஏழ்மையை வரைவதைப் பற்றி. அதில் மில்லே காலத்து இன்னொரு பிரெஞ்சு ஓவியர் கூர்பேதான் நேர்மையானவர். அதே லீல் அருங்காட்சியகத்தில் அவருடைய ‘ஓர்னானில் சாப்பாட்டுக்குப் பின்’ இருக்கிறது, 1849. 195 செ.மீ. உயரம், 257 செ.மீ. அகலம். ராஜாக்களுக்கும் போர்களுக்கும் ஒதுக்கிய அளவில், சாப்பிட்டு முடித்த சாதாரண ஊர்க்காரர்களை உட்காரவைத்தார். மில்லேயின் படம் இரண்டரை அடி உயரம்கூட இல்லை.

நித்தியகல்யாணி:
நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். கூர்பே படத்தில் யார் இருக்கிறார்கள்? நாலு ஆண்கள். ஒருவர் வயலின் வாசிக்கிறார், ஒருவர் சுங்கானைப் பற்றவைக்கிறார், நாற்காலிக்கு அடியில் நாய் தூங்குகிறது. நாய்க்குக்கூட இடம் இருக்கிறது. சமைத்தவள் எங்கே? மேசையை யார் துடைக்கப் போகிறார்கள்? எட்டரை அடி அகலத்தில் அவளுக்கு ஒரு மூலைகூட இல்லை. மில்லேயின் சின்னப் படத்தில் அவள்தான் நடுநாயகம்.

கரித்துண்டு:
இது நான் யோசிக்காத விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தலைப்பைப் பாருங்கள். பிரெஞ்சில் ‘லா பெக்கே’, பறவை தன் குஞ்சுக்கு அலகால் ஊட்டும் இரை. அம்மாவைத் தாய்ப்பறவையாக்கிவிட்டால் அவள் செய்வது இயற்கை ஆகிவிடும், வேலைக் கணக்கில் வராது. அப்பா கொத்துவது உழைப்பு, அவள் ஊட்டுவது பாசம். அந்தக் கடிதமும் இதைத்தானே சொல்கிறது?

நித்தியகல்யாணி:
இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தலைப்பு எனக்கும் இப்போது உறுத்துகிறது. ஆனால் மில்லேயை அந்த ஒரு படத்தோடு முடித்துவிடாதீர்கள். 1854இல் வரைந்த ‘ரொட்டி சுடும் பெண்’ நெதர்லாந்தில் கிரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பிள்ளையும் இல்லை, பறவையும் இல்லை. நீளக் காம்புள்ள மரத்துடுப்பை அடுப்புக்குள் தள்ளுகிறாள். அவள் நம் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.