அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் டூசான் ஊர் மண்கோட்டைக்குப் போய் வந்தவர்கள் இங்கே எழுதுங்கள்

கயல்:
பிரெசிடியோவுக்கு, அதாவது ஸ்பெயின்காரர்களின் அந்தப் படைக்கோட்டைக்கு, போன சனிக்கிழமை போனோம். கோட்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். எனக்கு இன்னும் மனசை விட்டுப் போகாதது அங்கே இருக்கிற, தரையைத் தோண்டி அமைத்த குழிவீடுதான். வடகிழக்கு மூலைக் கோபுரமான கொத்தளத்தில் ஏறி இறங்கிய பிறகு பையன் அந்தப் பள்ளத்தைப் பார்த்து, "இது என்னம்மா?" என்றான். சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் இதில் இருந்தது என்றேன். ஸ்பெயின்காரர்கள் கோட்டைக்கு இடம் குறித்தது 1775இல் என்று சற்று முன்புதான் படித்திருந்தான். கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்போ அவங்க வீட்டு மேலயே கோட்டை கட்டிட்டாங்களா? யாரையாவது கேட்டாங்களா?" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அதே கேள்விதான் ஓடுகிறது.

பழைய மாணவன்:
கயல், நீங்கள் ஏறி இறங்கியது 2007இல் கட்டிய கொத்தளம். அதைக் கோட்டை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடைசியாக நின்ற பழைய சுவரை 1918இல் இடித்துவிட்டார்கள். நான் படிக்கிற காலத்தில், பக்கத்தில் நீலக் குவிமாடம் வைத்த பழைய கவுண்டி நீதிமன்றத்தின் முற்றத்தில் அடிக்கடி போய் உட்காருவேன். பழைய மதில் போன தடத்தை அங்கே தரையில் ஒரு கோடாகப் பதித்திருக்கிறார்கள். ஒருநாள் என் கால்களைப் பார்த்தேன். ஒரு கால் கோட்டைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. உடம்பு சிலிர்த்துவிட்டது. புதுக் கொத்தளத்தில் எனக்கு அது வரவில்லை.

மண்வீடு:
பழைய மாணவன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புதிதாகக் கட்டியதால் போலி என்றால் எந்த மண்சுவரும் போலிதான். அடோபி என்பது சுடாத செங்கல். களிமண், மணல், வைக்கோல் பிசைந்து வெயிலில் காயவைப்பது. மழை பட்டால் கரையும், மறுபடியும் பூச வேண்டும். கோட்டையில் இருந்தவர்களுக்கே அது ஓயாத வேலை. ஸ்பெயினுக்குப் பிறகு இங்கே இருந்த மெக்சிகோ படை 1856இல் போனதும் ஊர்க்காரர்கள் செங்கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள், மிச்சத்தை மழை கரைத்தது. கொத்தளத்தைக் கண்ட இடத்தில் கட்டவும் இல்லை. 1954இல் தோண்டியபோது சுவரின் அடிப்பாகம் கிடைத்த மூலையில்தான் எழுப்பியிருக்கிறார்கள். சரி, என் அனுபவம்: சுவரில் கை வைத்தேன், பூச்சிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் கொஞ்சம் மண் உதிர்ந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையை அன்றைக்கு ரொம்ப நேரம் நான் கழுவவே இல்லை.

பீனிக்ஸ் அம்மா:
இனிமேல் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். ஜூன், ஜூலையில் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். முற்றம் முழுக்க வெட்டவெளி, பத்தே நிமிஷத்தில் தலை சுற்றும். குளிர்காலம்தான் சரி. சாதாரண நாளில் போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதனால் அந்தக் கால வாழ்க்கையை நடித்துக் காட்டுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். எப்போது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பீரங்கி வெடிக்கும்போது சின்னக் குழந்தை காதைப் பொத்திவிடுங்கள், என் மகள் அழுது தீர்த்துவிட்டாள். தண்ணீர், தொப்பி இரண்டும் வேண்டும். கோட்டையோடு கிளம்பிவிடாமல் பக்கத்துத் தெருக்களில் பழைய அடோபி வீடுகளையும் நடந்து பாருங்கள். அப்புறம் கோட்டைச் சிப்பாய்கள் போட்ட அந்தத் தோல் அங்கி! அம்பு துளைக்காமலிருக்க அடுக்கடுக்காகத் தோல் வைத்துத் தைத்தது. ஒரு தன்னார்வலர் என் கையில் கொடுத்தார், இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. இதைப் போட்டுக்கொண்டு இந்த ஊர் வெயிலில் குதிரையேறியவன் எவ்வளவு பயந்திருப்பான் என்றுதான் தோன்றியது.

நதியோரம்:
அந்தப் பயம் நிஜம்தான். 1782 மே மாதம் அபாச்சிகள் என்கிற பூர்வகுடி மக்கள் பெரும்படையாக வந்து தாக்கினார்கள். மண்மதில் முழுசாக முடிந்ததே 1783இல்தான். ஆனால் அவர்களை வெறும் எதிரிகளாகவே நினைத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். 1793இல் ஒரு அபாச்சிக் கூட்டம் சமாதானமாக வந்து இதே கோட்டைக்குப் பக்கத்தில் குடியேறியது. கோட்டைக்கு இடம் தேர்ந்தெடுத்த ஸ்பெயின் படை அதிகாரி ஹியூகோ ஓகானர்கூட அயர்லாந்தில் பிறந்தவர். உள்ளூர் என்று பார்த்தால் இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓதாம் மக்கள்தான்.

கயல், உங்கள் பையன் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. நான் போன அன்று கொத்தளத்துக்குக் கீழே ஒரு ஓதாம் பாட்டி பேத்தியோடு நின்றிருந்தார். நான் "டூசான்" என்றதும் மெதுவாகத் திருத்தினார். "சுக் ஷோன்" என்கிற மாதிரி காதில் விழுந்தது. கறுத்த மலையின் அடிவாரம் என்று அர்த்தமாம். எனக்குச் சரியாக வரவில்லை. அவர் மூன்று தடவை சொன்னார், நானும் மூன்று தடவை சொன்னேன். பேத்தி சிரித்தாள். பாட்டி சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டு மேற்குப் பக்கம் திருப்பி, சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்த மலையைக் காட்டினார். அதன் அடிவாரம்தான் கறுப்பு.