துண்டறிக்கைக்கு ஒரு சொல்: அனிச்சையா, தெறிவினையா, துலங்கலா?

க.: நண்பர்களே, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜவ்வு விலகிக் காலுக்கு வலி இழுப்பவர்களுக்கான துண்டறிக்கை. முழங்கால் மடிப்பில் லேசாக மின்சாரம் கொடுத்து, கெண்டைத்தசை எத்தனை மில்லிநொடியில் துடிக்கிறது என்று பார்க்கிறோம். ஏறக்குறைய 30 ஆகும். ஒரு காலில் மட்டும் பிந்தினாலோ வராமலே போனாலோ முதுகின் அடியிலிருந்து காலுக்கு வரும் எஸ்-1 நரம்பு வேர் நசுங்கியிருக்கலாம். தூண்டியதும் நம் விருப்பமின்றித் தசை துடிப்பதுதான் ரிஃப்ளெக்ஸ். இதை 1910இல் பால் ஹாஃப்மன் விவரித்ததால், அவர் பெயரின் முதலெழுத்தில் எச்-ரிஃப்ளெக்ஸ். 'அனிச்சைச் சோதனை' சரியா?

செ.: அனிச்சை வடசொல். ஈழத்தில் 'தெறிவினை' என்கிறார்கள். தெறித்தல் விரலால் சுண்டுவது. யாழின் தந்தியும் நமக்கு நரம்புதான். சுண்டினால் அது இசைக்கிறது, இது துடிக்கிறது. இதைவிடப் பொருத்தம் ஏது?

ம.: 'மோப்பக் குழையும் அனிச்சம்' இருக்கிறதே? மூச்சுப் பட்டதும் தானாகக் குழையும் பூ. அனிச்சையின் வேர் அதுவாக இருக்கக் கூடாதா?

செ.: இல்லை ஐயா. இச்சையின்றி நடப்பது அனிச்சை. பூவுக்கும் அதற்கும் ஒலி மட்டுமே ஒன்று.

பி.: தெறிவினை எனக்கும் பிடிக்கும். ஆனால் நேற்று ஓர் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நரம்பு தெறிச்சுடுமா தம்பி?" என்று கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெறிப்பது என்றால் அறுவது. காலைத் தளர்த்தவே பத்து நிமிடம் ஆயிற்று. கால் இறுகியிருந்தால் பதிவே சரியாக வராது.

க.: இன்னொரு சிக்கல். எஃப் அலையையும் பார்க்கிறோம். அது ரிஃப்ளெக்ஸே அல்ல. ரிஃப்ளெக்ஸில் தூண்டல் உணர்வு நரம்பில் ஏறி, இயக்க நரம்பில் இறங்கும். எஃப் அலையில் தூண்டல் இயக்க நரம்பிலேயே மேலேறி, தண்டுவட செல்லை எழுப்பி, அதே வழியில் இறங்குகிறது. இரண்டுக்கும் பொதுச் சொல் வேண்டும்.

ம.: அப்படியானால் துலங்கல். தூண்டல், துலங்கல் என்று பள்ளியில் படித்ததுதானே.

செ.: துலங்குவது ஒளிர்வது. துலக்குவது பாத்திரத்தை. கேட்டதற்கு நரம்பு பதில் தருகிறது, 'மறுமொழி' என்போம்.

பி.: மறுமொழி என்றால் கடிதம் போல இருக்கிறது அக்கா.

க.: அச்சகத்தில் துண்டறிக்கையைக் கேட்டுவிட்டார்கள். நம்மில் பெரும்பாலோர் துலங்கல் பக்கம். தலைப்பில் 'நரம்புத் துலங்கல் சோதனை', அடியில் 'கரண்ட் வைத்துப் பார்க்கும் நரம்பு டெஸ்ட். சுண்டினாற்போல் இருக்கும், நரம்பு அறாது' என்று போடுகிறேன்.

செ.: சரி, நோயாளிக்கு அது போதும். மாணவர் கையேட்டில் எச்-தெறிவினை, எஃப்-அலை என்று பிரித்தே எழுதுங்கள். இரண்டையும் துலங்கல் என்றால், நீங்கள் சொன்ன அந்த வேறுபாடு அவர்களுக்குத் தெரியாமலே போகும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.