பாஸ்வேர்டு சரி, ஆனாலும் லாகின் திரைக்கே திரும்புகிறது (லினக்ஸ் மின்ட், லைட்டிஎம்)

அரூர்_மையம்:
வணக்கம். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், லாகின் திரையைக் காட்டும் நிரல் லைட்டிஎம். பாஸ்வேர்டு போட்டதும் திரை ஒரு நொடி கறுக்கிறது, மறுபடி லாகின் திரையே வந்து நிற்கிறது. பாஸ்வேர்டு தவறு என்று சொல்வதில்லை. கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனால் அதே பயனர், அதே பாஸ்வேர்டில் நுழைய முடிகிறது. அரூரில் உள்ள பயிற்சி மையத்தின் முதல் கணினி இது. இதைச் சரிசெய்துதான் மற்ற 11 கணினிகளிலும் நகலெடுக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

பாலக்கோடு_பெங்குவின்:
முதலில் ரெண்டு விஷயத்தை விலக்கிடலாங்க. டிஎஃப் -எச் போட்டு வட்டு நிரம்பியிருக்கா பாருங்க. எல்எஸ் -எல் ~/.எக்ஸ்அத்தாரிட்டி போட்டு, அந்தக் கோப்பு (வரைகலைத் திரைக்கான அனுமதிக் கோப்பு) ரூட், அதாவது நிர்வாகி பெயரில் இருக்கா பாருங்க. யாராவது சூடோ (நிர்வாகி அனுமதி) சேர்த்து ஸ்டார்ட்எக்ஸ் (வரைகலையைத் தொடங்கும் கட்டளை) ஓட்டியிருந்தால் அப்படி ஆகும்.

ரெண்டும் சரின்னா, சூடோ ஆட்யூசர் மூலம் ஒரு புதுப் பயனரைச் சேர்த்து அவரை நுழையச் சொல்லுங்க. அவர் உள்ளே போயிட்டா கோளாறு பழைய பயனரின் வீட்டுக் கோப்புறையில். அவரும் திரும்பி வந்தா, எல்லாருக்கும் பொதுவான கோப்பில்.

அரூர்_மையம்:
வட்டில் இடம் இருக்கிறது, எக்ஸ்அத்தாரிட்டியும் எங்கள் பயனர் பெயரில்தான். புதுப் பயனரும் நுழைய முடியவில்லை. தமிழ்99 தட்டச்சுக்காக /இடிசி/புரொஃபைல்.டி/ உள்ளே தமிழ்.எஸ்எச் என்று ஒரு கோப்பு வைத்தோம். கணினியின் மொழியைக் குறிக்கும் லாங் மாறி தமிழா என்று [[ ]] போட்டுச் சோதித்து, தட்டச்சு நிரலான ஐபஸ்ஸுக்கான மூன்று மாறிகளை எக்ஸ்போர்ட் செய்கிறது. அதன்கீழ் பாதைகள்=(/ஆப்ட்/தட்டச்சு /ஆப்ட்/பயிற்சி) என்று ஒரு அர்ரே (பட்டியல்). முதல் வரியிலேயே #!/பின்/பாஷ் இருக்கிறது. எழுத்துத் திரையில் எந்தப் பிழையும் வரவில்லையே?

ஓசூர்_ஷெல்:
அந்தக் கோப்பேதான் காரணம். உடனே உள்ளே போக:

சூடோ எம்வி /இடிசி/புரொஃபைல்.டி/தமிழ்.எஸ்எச் /இடிசி/புரொஃபைல்.டி/தமிழ்.ஆஃப்

நுழையும்போது படிக்கப்படும் /இடிசி/புரொஃபைல் அந்தக் கோப்புறையில் .எஸ்எச் என்று முடிபவற்றை மட்டுமே படிக்கும். பெயர் மாறினாலே போதும், அழிக்க வேண்டாம்.

இனி காரணம். எழுத்துத் திரையில் நுழைந்ததும் இந்தக் கோப்பைப் படிப்பது பாஷ் என்ற ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்). அதற்கு அர்ரே தெரியும், [[ தெரியும். வரைகலை லாகினில் லைட்டிஎம் ஓட்டுவது /யுஎஸ்ஆர்/எஸ்பின்/லைட்டிஎம்-செஷன் என்ற ஸ்கிரிப்டை. அது /பின்/எஸ்எச்-இல் ஓடுகிறது. உபுண்டு வழி வந்த எல்லாவற்றிலும் அந்த எஸ்எச் என்பது டாஷ் என்ற வேறொரு ஷெல். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே அப்படித்தான். அந்த ஸ்கிரிப்ட் /இடிசி/புரொஃபைலையும் ~/.புரொஃபைலையும் புள்ளிக் கட்டளையால் தனக்குள்ளேயே இழுத்துப் படிக்கிறது. கோப்பைத் தனி நிரலாக ஓட்டினால்தான் #!/பின்/பாஷ் வரிக்கு மதிப்பு. புள்ளியால் இழுக்கும்போது அது வெறும் குறிப்பு வரி, டாஷ் அதைத் தாண்டிப் போய்விடும்.

எல்லாப் பிழையும் வெளியே தள்ளாது. [[ என்பது டாஷுக்குத் தெரியாத ஒரு கட்டளைப் பெயர், அவ்வளவுதான். "நாட் ஃபவுண்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். அர்ரேயின் அடைப்புக்குறி அப்படியல்ல, அது இலக்கணப் பிழை. இழுத்துப் படிக்கும் கோப்பில் இலக்கணப் பிழை வந்தால் டாஷ் அந்த இடத்திலேயே வெளியேறும். வெளியேறுவது உங்கள் கோப்பு மட்டுமில்லை, அதை இழுத்த லைட்டிஎம்-செஷனும் சேர்ந்துதான். டெஸ்க்டாப் தொடங்கும் முன்பே அமர்வு முடிந்துவிடுவதால் லாகின் திரை திரும்ப வருகிறது.

சான்று வேண்டுமென்றால் /டெம்ப்/ உள்ளே கான்ஃபிக்-எரர் என்பதன் சுருக்கப் பெயரில் தொடங்கும் கோப்புகளைத் திறந்து பாருங்கள். 'சின்டாக்ஸ் எரர்: "(" அன்எக்ஸ்பெக்டட்' என்று வரி எண்ணோடு இருக்கும்.

கிருஷ்ணகிரி_மா:
/பின்/எஸ்எச்-ஐ பாஷுக்குத் திருப்பிவிட்டால் ஒரே வேலையாக முடியுமே சார்?

ஓசூர்_ஷெல்:
முடியும், ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். கணினியின் மற்ற எஸ்எச் ஸ்கிரிப்டுகள் டாஷில் ஓடும்படிதான் எழுதப்பட்டவை. நாளைக்கு இதே கோப்பை வேறொரு கணினிக்கு எடுத்துப் போனால் அங்கேயும் கதவு சாத்தும். கோப்பைத் திருத்துவதுதான் முறை.

அரூர்_மையம்:
பெயர் மாற்றியதும் நுழைந்துவிட்டோம், மிக்க நன்றி அண்ணா. பிறகு அர்ரேயை நீக்கிப் பழைய பெயரே வைத்தோம். இப்போதும் நுழைய முடிகிறது. ஆனால் /இடிசி/புரொஃபைலைப் படிக்கையில் பிழை, '[[: நாட் ஃபவுண்ட்' என்று ஒரு பெட்டி வருகிறது. தமிழ்99-உம் வரவில்லை.

ஓசூர்_ஷெல்:
எதிர்பார்த்ததுதான். [[ தோற்றதால் டாஷ் நிபந்தனையைப் பொய் என்று எடுத்துக்கொண்டது, எக்ஸ்போர்ட் வரிகளைத் தொடவே இல்லை. கேஸ் போட்டு எழுதுங்கள், டாஷுக்கும் பாஷுக்கும் ஒன்றுபோலப் புரியும்:

கேஸ் "$லாங்" இன்
டிஏ_ஐஎன்*) எக்ஸ்போர்ட் … ;;
ஈசாக்

அர்ரேக்குப் பதில் 'ஃபார் ப இன் /ஆப்ட்/தட்டச்சு /ஆப்ட்/பயிற்சி; டூ …; டன்' போதும். ஒற்றை [ ] உள்ளே ஒப்பிட்டால் == வேண்டாம், ஒரு = மட்டும்.

சோர்ஸ் என்ற சொல்லும் டாஷில் கிடையாது, புள்ளி போடுங்கள். ஆனால் புள்ளியில் கூடுதல் கவனம் வேண்டும். அது சுட்டும் கோப்பு இல்லாவிட்டாலும் டாஷ் வெளியேறிவிடும், பழையபடி லாகின் திரைதான். முன்னால் [ -எஃப் கோப்பு ] && சேர்த்து, கோப்பின் முழுப் பாதையையும் எழுதுங்கள். எக்ஸிட், செட் -இ, எக்ஸெக் மூன்றும் இந்தக் கோப்புகளுக்குள் வரவே கூடாது.

பாலக்கோடு_பெங்குவின்:
ஐபஸ் மாறிகளுக்காக மட்டும்னா இந்தக் கோப்பே தேவையில்லைங்க. ஒவ்வொரு பயனரும் ஐஎம்-கான்ஃபிக் -என் ஐபஸ் ஓட்டி, ஒருமுறை வெளியேறி நுழைந்தால் போதும். அது ~/.எக்ஸ்இன்புட்ஆர்சி எழுதி, அந்த மூன்று மாறிகளையும் தானே பார்த்துக்கும்.

ஓசூர்_ஷெல்:
அதுவே நல்லது. பாதைக்கான வரிகளை மட்டும் இந்தக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

11 கணினிக்கும் போவதற்கு முன் ஸ்கிரிப்டைச் சோதிக்கும் ஷெல்செக் நிரலை ஷெல்செக் -எஸ் டாஷ் என்று போட்டு இந்தக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். [[ இருந்தால் எஸ்சி3010 என்றும் அர்ரே இருந்தால் எஸ்சி3030 என்றும் வரியோடு காட்டும். டாஷ் -என் மட்டும் போதாது, அது இலக்கணத்தைத்தான் பார்க்கும், [[ தப்பிவிடும். கடைசியாக டெர்மினலில்:

டாஷ் -சி '. /இடிசி/புரொஃபைல்; எக்கோ முடிந்தது'

"முடிந்தது" வராமல் நின்றால் வரைகலை லாகினும் அதே இடத்தில் நிற்கும். அதற்கு மேலே வேறு எந்த வரி வந்தாலும் அது பிழைச் செய்தி, அதையும் தீர்த்துவிட்டு நகலெடுங்கள். முதல் முறை வெளியேறும்போது எஃப்3 திரையில் ஒரு லாகினைத் திறந்தே வைத்திருங்கள், ஏதாவது தவறினால் அங்கிருந்தே கோப்பின் பெயரை மாற்றிவிடலாம்.